சத்து மாத்திரை

கோவில்பட்டி
11.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ப்ரியா எழுதுகிறேன். மூன்று வருஷம் வாயைத் திறக்காதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. என் போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். உன் நம்பரை என் கண் முன்னாலேயே பிளாக் செய்தார். அதனால்தான் கடிதம். என்னோடு படித்த ஆனந்தியை உனக்குத் தெரியும், இப்போது மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். பதில் போட்டால் அவள் கடைக்குப் போடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதும் அவள்தான்.

பேசவும் முடியவில்லை அக்கா. பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எப்போதும்வென்றான் ஊரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் பாலகணேஷ், தூத்துக்குடியில் பெயின்ட் கடை. அதிகம் பேசவில்லை, ஆனால் நான் காபி கொடுத்தபோது டம்ளர் சுடுகிறது என்று என் கையில் இருந்து தட்டையே வாங்கிக்கொண்டார். எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் பிடித்ததாம். போகும்போது அவருடைய அத்தை மட்டும், "முன்பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கு, இப்பதான் கிளிப்பு போட்டா உள்ள போயிருதுல்லா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே அப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தையில் கல்யாணம்.

கம்பி கட்டி இரண்டு மாதம் ஆகிறது. ஈறு பல்லுக்கு நடுவே உருண்டை உருண்டையாக வீங்கியிருக்கிறது. பிரஷ் பட்டால் ரத்தம். கீழே அப்பா கடையில் மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்தால் மாடியில் என் வாய் எரிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஏதாவது மாத்திரை சாப்பிடுதியளாம்மா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "சத்து மாத்திரைதான் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். நீ போன பிறகும் நம் வீட்டில் என் வலிப்பு மாத்திரைக்கு அதுதான் பெயர். அப்பா இப்போதும் திருநெல்வேலியில் வாங்கி, கால்சியம் டப்பாவில் மாற்றித்தான் வைக்கிறார்.

வீக்கத்துக்கு ஏதாவது கைவைத்தியம் தெரிந்தால் எழுது. அம்மாவிடம் கேட்டால் அழுகிறாள்.

உன் தங்கை,
கிருஷ்ணப்ரியா


நாகலாபுரம்
19.08.2024

ஏட்டி ப்ரியா,

கடிதம் கிடைத்தது. ஈறு வீங்கினால்தான் அக்கா ஞாபகம் வருமா? நல்லவேளை, உனக்குப் பல்லாவது எடுப்பாக இருந்தது. இல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாய். நீ சித்தியாகிவிட்டாய், எனக்கு ஒரு மகன் இருக்கிறான், வயது ஒன்றரை. அவன் பிறந்தது அப்பாவுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, போன் பண்ணிச் சொன்னார். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

சரி, அதை விடு. ஈறுக்கு வா. வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பு போட்டு, காலையில், மத்தியானம், ராத்திரி, சாப்பிட்ட பிறகு என்று கணக்குப் பார்க்காமல் கொப்பளி. கம்பி முனை குத்துகிற இடத்தில் வைக்க டாக்டர் மெழுகு கொடுத்திருப்பாரே, அதைத் துடைத்து உலர்த்திவிட்டு வைத்தால்தான் ஒட்டும், ஈரத்தில் வைத்தால் சோற்றோடு உள்ளே போய்விடும். பிரஷ் குழந்தைகள் பிரஷாக வாங்கு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே ஒத்து. சாப்பாட்டுக்குக் கம்பங்கூழைக் கரைத்துக் குளிர வைத்துக் குடி. அப்பா கடை வாசலில் விற்கிற வடைப் பக்கம் போகாதே.

என் மாமியார் பாலம்மாள் ஒரு வைத்தியம் சொன்னார். அவருக்கு ஆடுதான் உலகம். ஆட்டுக்கு வாயில் புண் வந்தால் செய்வதை அப்படியே சொன்னார். "உன் தங்கச்சிக்கும் அதான் மருந்து, வாயின்னா வாயிதான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். பிறகு அவரே யோசித்து, கொய்யா இலையைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். அது செய்யலாம்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. டாக்டர் கேட்டதற்கு அம்மா ஏன் பொய் சொன்னாள்? பல் டாக்டர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்?

சுகுணா


கோவில்பட்டி
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கடிதத்தோடு அனுப்பிய உன் மகனின் படத்தை ஆனந்தி கடையில் வைத்தே பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மூக்கு அப்படியே அப்பா மூக்கு.

உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன். கொப்பளிக்கிற நேரம் இதமாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் பழையபடி வலி. வீக்கம் குறையவில்லை. மேல் வரிசையில் ஈறு வளர்ந்து கம்பியையே பாதி மூடிவிட்டது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பல்லை விட ஈறுதான் தெரிகிறது. எடுப்பாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் யாரிடம் சொல்லப்போகிறார் என்று கேட்டாய். டாக்டர் சொல்ல மாட்டார். அவர் பக்கத்தில் நின்று தட்டில் கருவி எடுத்துக் கொடுக்கிற பெண் மாப்பிள்ளையின் சித்தி மகள். நான் போகிற ஒவ்வொரு தடவையும், "மைனி, வலிக்கா?" என்று இப்போதே அண்ணி முறை வைத்துக் கேட்கிறாள். இந்தத் தடவை டாக்டர் மறுபடியும், மாத்திரை எதுவும் உண்டா என்று கேட்டார். வாயில் இரண்டு பக்கமும் பஞ்சு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வேறு டாக்டரிடம் போகலாம் என்று அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். "ஏன் மாத்துனியன்னு அவிய கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். பிறகு உன்னைப் பற்றியும் சொன்னார். சொல்லாமல் விட்டால் நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன். "மூத்தவ கெடுத்த பேர நீதாம்மா எடுக்கணும்" என்றார். திட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். 

நீ போன அன்று நான் அழுதேன். அதற்கு மறுநாளில் இருந்து எனக்கு உன்மேல் கோபம். நீ உனக்குப் பிடித்த வழியில் போய்விட்டாய், இங்கே மிச்சமிருக்கிற எல்லாவற்றையும் நான் ஒருத்தியே சுமக்கிறேன்.

ப்ரியா


நாகலாபுரம்
17.09.2024

ப்ரியா,

நீ எழுதியதற்குச் சண்டை போடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் மனசுக்குள் போட்டும் பார்த்தேன். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

பையனுக்குக் காய்ச்சல் என்று விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மாவிடம், எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி என்று சொல்லி உன் விஷயத்தைக் கேட்டேன். மாத்திரையின் பெயரைச் சொன்னதும் அவர் அடுத்த வார்த்தை கேட்கவில்லை. "அந்த மாத்திரையேதான். சில பேருக்கு ஈறு வளரும். கம்பி வேற கட்டி, அழுக்கு சேர்ந்தா கேட்கவே வேண்டாம்" என்றார்.

ஆக, நீ குடம் குடமாக உப்புத் தண்ணீர் கொப்பளித்தாலும், அந்த மாத்திரை உள்ளே போகிறவரைக்கும் வீக்கம் வடியாது. உன் வலிப்பு டாக்டரைப் பார்த்தால் வேறு மாத்திரை எழுதித் தருவாராம். இன்றைக்கு எத்தனையோ மாத்திரை வந்துவிட்டதாம். அப்பாவிடம் சொல். அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல். கல்யாணத்துக்கு முன்னால் இதை முடித்துவிடு.

இன்னொன்று, நீ கேட்காதது. அந்தப் பையனிடம் சொல்லிவிடு. தட்டைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டவன் இதையும் வாங்கிக்கொள்வானோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் வீட்டில் போய் எத்தனை வருஷம் கால்சியம் டப்பாவைத் திறந்து மூடுவாய்?

சுகுணா


கோவில்பட்டி
03.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் நல்ல காரணம். வீக்கம் வடிகிறது.

நீ எழுதியதை அப்பாவிடம் ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்லாமல், எங்கேயோ படித்ததாகச் சொன்னேன். அவர், "இப்பம் மாத்திரைய மாத்துனா திரும்பவும் ஸ்கேன், டெஸ்ட்டுன்னு திருநெல்வேலிக்கு நடையா நடக்கணும். யாராவது பாப்பாக. கல்யாணம் முடியட்டும், பொறவு மாத்திக்கிடலாம்" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். காலையிலும் ராத்திரியிலும் டப்பாவைத் திறக்கிறேன், மாத்திரையை எடுக்கிறேன், கொப்பளிக்கிற தண்ணீரோடு வாஷ்பேசினில் விடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. இன்றோடு நாற்பது நாள். ஒன்றுமே வரவில்லை அக்கா. கண் இருட்டவில்லை, கை வெட்டி இழுக்கவில்லை. கடைசியாக எனக்கு வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அது எப்போதோ சரியாகியிருக்கும், நாம்தான் பயந்துகொண்டு மாத்திரையை முழுங்கியிருக்கிறோம்.

பல் டாக்டரும் ஈறைச் சுத்தம் செய்தார். ரத்தம் நின்றுவிட்டது. கம்பி முழுவதும் வெளியே தெரிகிறது. "மைனிக்கு இப்பதான் களை வந்திருக்கு" என்றாள் அந்தப் பெண். தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் இருந்து புடவை வந்தது. அவர் போனில் இரண்டு நிமிஷம் பேசினார். மழை பெய்கிறதா என்று கேட்டார், பெய்கிறது என்றேன். முறுக்கு இரண்டு சாப்பிட்டேன், திட்டாதே.

அவரிடம் சொல்லச் சொன்னாய். இனிமேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது? மாத்திரையே இல்லை.

அன்புடன்,
ப்ரியா


நாகலாபுரம்
09.11.2024

ப்ரியா,

இதை உன் மாமா கையில் கொடுத்து ஆனந்தி கடைக்கு அனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார முடியாது.

இதைப் படித்த உடனே மாத்திரையைப் போடு. படித்து முடித்துவிட்டுப் போடலாம் என்று இராதே.  அந்த டாக்டரம்மா இன்னொரு வார்த்தையும் சொன்னார். "மாத்திரைய மட்டும் சட்டுனு நிப்பாட்டிரக் கூடாது, நிப்பாட்டினா முன்னவிட மோசமா வரும்" என்றார். இது உனக்குத் தெரியாதா என்று நினைத்து நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

உனக்குப் பதினாலு வயதில் முதல்முதலாக வந்தபோது பக்கத்தில் இருந்தது நான். நீ விழுந்தது உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. அம்மாவிடம் சொல். அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் நான் வருகிறேன். வியாழக்கிழமை வருகிறேன். அப்பா என்னை வெட்டிப் போட்டாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

அக்கா


நாகலாபுரம்
24.11.2024

ப்ரியா,

இதை நீ படிக்கிற நிலையில் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. ஆனந்தியிடம் கொடுத்து வைக்கிறேன். நீ கண்ணைத் திறந்துவிட்டாய் என்று அவள் நேற்றுச் சொன்னாள். அது போதும் எனக்கு.

நான் வியாழக்கிழமை வந்தேன். காலை பத்தரை மணிக்கு நம் கடை வாசலில் நின்றேன். அப்பா தராசுக்குப் பின்னால் இருந்தார். முடி முழுவதும் நரைத்துவிட்டது. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை அப்பா, "மாப்பிள்ளையோட தாய்மாமா வந்திருக்காக, நந்தகோபால் அண்ணாச்சிக்கு ஒரு வடை வாங்கியா" என்று வேலையாளிடம் சொன்னதில் இருந்துதான் யார் என்று தெரிந்துகொண்டேன். பிறகு அப்பா என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் அப்பா என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "என்னம்மா வேணும்?"

யாரோ வத்தல் வாங்க வந்தவளிடம் கேட்கிற மாதிரி கேட்டார். ஆனால் கண் கெஞ்சியது. அந்த ஆள் முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதே என்று கெஞ்சியது.

ப்ரியா, நான் சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று ஒரு வரி. சாதி விட்டுக் கல்யாணம் செய்தவள், ஊரே காறித் துப்பியதைத் துடைத்துவிட்டு வாழ்கிறவள், எனக்கு யாரைப் பார்த்தும் பயம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. "கால் கிலோ சம்பா வத்தல்" என்றேன். எங்கள் வீட்டில் வத்தல் சாக்கில் கிடக்கிறது. அவர் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உனக்குத்தான் கடிதம் கிடைத்துவிட்டதே, நீ மாத்திரை போட்டிருப்பாய் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தி போன் பண்ணினாள். நீ குளியலறையில் விழுந்து கிடந்தாயாம். அம்மா உன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் என்று அப்பா கடை லோடு வேன் வருகிறவரைக்கும் காத்திருந்தாராம். வேன் மண்டியில் இருந்து வர அரை மணி நேரம். அதுவரைக்கும் உனக்கு வெட்டிக்கொண்டே இருந்ததாம். கம்பி உதட்டைக் கிழித்து, நாக்கு பல்லுக்குள் மாட்டி... இதற்கு மேல் ஆனந்தியாலும் சொல்ல முடியவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் நின்றேன். அப்பா உள்ளே விடவில்லை. நான் சண்டை போடவில்லை. சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சுகுணா


கோவில்பட்டி
26.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் ஒரே நாளில்தான் படித்தேன். மாமா முதல் கடிதத்தைக் கொண்டுவந்தபோது ஆனந்தி கடையைப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம். பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் அவள் கைக்கே வந்தது. அவளைத் திட்டாதே. முன்னாலேயே வந்திருந்தால் நான் மாத்திரை போட்டிருப்பேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நீ கடைக்கு வந்ததை நான் பார்த்தேன். மாடி ஜன்னலில் நின்றேன். நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பொட்டலத்தோடு திரும்பிப் போனதும் என் அக்கா நல்லவள் என்று நினைத்தேன். ஆகவே நீ ஒருத்தி மட்டும் உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

கம்பியை எடுத்துவிட்டார்கள். வலிப்புக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஈறு சுத்தமாக ஆறிவிட்டது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. நாக்கின் வலது ஓரத்தில் ஒரு துண்டு போய்விட்டது, மீதியைத் தைத்திருக்கிறார்கள். ல, ழ, ர எதுவும் சரியாக வருவதில்லை. என் பெயரே எனக்கு வருவதில்லை. வலது கை விரல் இரண்டு மரத்த மாதிரி இருக்கிறது, அதனால்தான் எழுத்து இப்படி.

அப்பா எல்லோரிடமும், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, கம்பி நாக்கக் கிழிச்சிட்டு" என்று சொல்லியிருந்தார். பல் டாக்டர் மேல் கேஸ் போடப் போவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரும் நம்பினார்கள். கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள். இன்று காலை என்னைப் பார்க்க வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, அந்த அத்தை, தாய்மாமா. அம்மா எனக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டே, "நீ பேசாத, சிரிச்சிட்டு மட்டும் வந்திரு" என்றாள்.

அடுக்களையில் காபியை ஊற்றி வைத்துவிட்டு அம்மா முன்னால் போனாள். நான் டப்பாவைத் திறந்து, மாத்திரையை அட்டையோடு எடுத்து, டாக்டர் சீட்டையும் சேர்த்து, தட்டில் டம்ளர்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன். முதலில் அவரிடம்தான் நீட்டினேன். போன தடவை மாதிரியே தட்டை என் கையில் இருந்து வாங்கினார். சீட்டைப் படித்தார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"எத்தன வருசமா?" என்று கேட்டார் அவர். ஒன்பது விரலைக் காட்டினேன். அவர் தட்டைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக வைத்தார், ஒரு டம்ளரும் தளும்பவில்லை.  என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தாய்மாமாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பம் வாரோம் அண்ணாச்சி" என்றார். அவர்கள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும்போது அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது அக்கா. இப்போதும் பிடித்திருக்கிறது.

அப்பா என்னை அடிக்கவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. புது மாத்திரை போடுகிற நேரம் சாயங்காலம் ஏழு மணி. ஏழு மணிக்கு நான் கீழே இறங்கிப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அப்பா முன்னால் போய் நின்று, "வலிப்பு மாத்திரையக் குடுங்கப்பா" என்று கேட்டேன். என் நாக்குக்கு அது சரியாக வரவில்லை. வத்தல் வாங்க வந்தவர்கள் என்னவென்று புரியாமல் பார்த்தார்கள். இரண்டாம் தடவை கேட்டேன். அப்பா நிமிரவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்பா அட்டையை எடுத்து நீட்டினார். தண்ணீர் அவரே ஊற்றிக் கொடுத்தார்.

ப்ரியா